வெண்பா எழுத ஆரம்பிச்சா தளை தட்டுது, எங்க சொதப்புறேன்?

மொட்டைமாடி:
வணக்கம் மக்களே, இத்தனை நாளா ஃபேஸ்புக்ல எண்டர் தட்டித் தட்டி புதுக்கவிதைன்னு போட்டுட்டு இருந்தவன், திடீர்னு வெண்பா மேல ஆசை வந்துருச்சு. நேர், நிரைன்னு அசை, தேமா, புளிமான்னு சீர் எல்லாம் ஸ்கூல்ல அலகிட்டு மார்க் வாங்குனதோட சரி, இப்ப மறுபடி படிச்சேன். ஒரு சீர் எப்படி முடிஞ்சா அடுத்த சீர் எப்படி ஆரம்பிக்கணும்ங்கிற தளை விதி, அதாவது மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர், இதுவும் மனப்பாடம். ஆனா பேனாவ எடுத்தா ஒண்ணு விதி வருது இல்ல கவிதை வருது, ரெண்டும் சேந்து வரவே மாட்டேங்குது. நேத்து ராத்திரி எழுதுன ரெண்டடி குறள் வெண்பா இது, கல்லெறியாம சொல்லுங்க:

கரண்டு போச்சு விசிறியைத் தேடிப்
புரண்டு கிடந்தது ஊர்

டீக்கடை பெஞ்சு:
ப்ரோ, "காரிகை கற்றுக் கவிபாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல்"னு அந்தக் காலத்துலயே சொல்லிட்டாங்க (காரிகைன்னா யாப்பிலக்கண நூல்) 😄 உங்களுக்கு எதுக்கு இந்த வேலை, புதுக்கவிதைலயே கன்டினியூ பண்ணுங்க, அங்க யாரும் ஸ்கேல் வச்சு அளக்க மாட்டாங்க.

ஈற்றடி:
தம்பி, அவர் சொல்றத விடுங்க, ரெண்டாவது எழுத்து ஒத்து வர்ற எதுகை நல்லா விழுந்திருக்கு. கரண்டு, புரண்டு. அது தானா வந்துச்சுன்னா உங்களுக்கு காது இருக்குன்னு அர்த்தம்.

தட்டுற எடம் ரெண்டு. மொதல்ல "கரண்டு போச்சு". கரண்/டு நிரை நேர், புளிமா. மாவுக்கு அப்புறம் நிரைல ஆரம்பிக்கணும், நீங்க "போச்"னு நேர்ல ஆரம்பிச்சிட்டீங்க. ஆசிரியப்பாவா இருந்தா கேள்வியே இல்ல, வெண்பாவுல வேற தளை நுழையவே கூடாது. முதல் குறளையே எடுத்துக்கோங்க, "அகர" புளிமா, அடுத்து "முத"ன்னு நிரை. "எழுத்தெல்லாம்" காய், அடுத்து "ஆ"ன்னு நேர். அந்த ஏழு சீரையும் உக்காந்து நீங்களே ஒருதரம் பிரிச்சுப் பாருங்க, மனப்பாடம் பண்ணத விட அது நிக்கும்.

ரெண்டாவது கொஞ்சம் நுணுக்கம், நெறைய பேரு கவனிக்காம விட்டுடுவாங்க. "கிடந்தது ஊர்". கடைசி "து" குற்றியலுகரம், பின்னாடி உயிரெழுத்து வந்தா அந்த உகரம் ஓடிப் போயிரும், சேத்துப் படிச்சா "கிடந்ததூர்". இப்ப அலகிட்டுப் பாருங்க, கிடந்/ததூர்னு ரெண்டு நிரையா ஒரே சீராகிடுது, ஈத்தடில, அதாவது கடைசி அடில, மூணு சீர் இருக்க வேண்டிய எடத்துல ரெண்டுதான் மிச்சம். அதனால அங்க மெய்யெழுத்துல தொடங்குற சொல்லா போடுங்க. "வீடு"ன்னு வச்சாலே போதும், வெண்பாவோட கடைசி சீர் நாள், மலர், காசு, பிறப்புன்னு நாலு வாய்பாட்டுல ஒண்ணா முடியணும், அதுல இது காசு.

மாத்திக் காட்டட்டுமா:

கரண்டில்லை காற்றில்லை காகிதம் தேடிப்
புரண்டு கிடந்தது வீடு

விசிறி போயி காகிதம் வந்துருச்சு, மன்னிச்சுக்கோங்க, மொத எழுத்து ஒத்து வர்ற மோனைக்காக பண்ணேன். எனக்கு என்னவோ பழைய நோட்டு அட்டைய கிழிச்சு விசிறுறதுதான் நெஜம்னு தோணுது.

கும்மிருட்டு:
ஐயா சொன்னதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு. அவலோகிதம்னு ஒரு மென்பொருள் இருக்கு, பாட்ட உள்ள போட்டா அசை, சீர், தளைன்னு பிரிச்சு என்ன பான்னே சொல்லிடும். எழுதி முடிச்சதும் செக் பண்ண சூப்பர். ஆனா எழுதும்போதே அத தொறந்து வச்சுக்காதீங்க, ஒவ்வொரு சொல்லுக்கும் அதோட மூஞ்சியப் பாத்துக்கிட்டே எழுதுனா தளை கச்சிதமா இருக்கும், பாட்டு செத்துக் கெடக்கும், இந்த மாதிரி வெண்பா நெட்ல ஏராளம். தெனம் நாலு குறள் சத்தமா படிங்க, அப்புறம் மூதுரை, நல்வழி, நளவெண்பா. கொஞ்ச நாள்ல தப்பான சீர் வந்தா காதே தடுக்கி விழும். தமிழறிஞர் கி.வா.ஜ.வோட "கவி பாடலாம்" புத்தகம் கெடச்சா வாங்கிடுங்க, ஒண்ணுமே தெரியாதவனுக்கும் புரியும்.

மொட்டைமாடி:
ஐயா, கிடந்ததூர் மேட்டர் சத்தியமா எனக்குத் தோணவே இல்ல 🙏 நாலடி எழுதணும்னா எப்ப போகலாம்? நேரிசை வெண்பாவுல அந்த தனிச்சொல் எனக்கு இன்னும் குழப்பமாவே இருக்கு.

ஈற்றடி:
அவசரப்படாதீங்க, குறள் வெண்பா கைக்கு வரட்டும். தனிச்சொல் பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, ரெண்டாவது அடியோட நாலாவது சீர், மொத ரெண்டடி எதுகையோடயே போகணும். மூதுரைல பாருங்க, வாக்குண்டாம், நோக்குண்டாம், அப்புறம் தனியா நிக்குற பூக்கொண்டு. மூணுலயும் ரெண்டாவது எழுத்து "க்". மூணாவது நாலாவது அடிக்கு வேற எதுகை மாத்திக்கலாம், அந்தப் பாட்டுலயே துப்பார், தப்பாமல்னு மாறுது.

இப்போதைக்கு ஈத்தடி குடுக்குறேன், மேல ஒரு அடி நீங்க போடுங்க. இது பழைய வெளையாட்டு, இதுல கத்துக்கிட்டவங்கதான் அதிகம்.

குடத்தோடு நிற்கும் தெரு

மொட்டைமாடி:
மத்தியானம் ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்து யோசிச்சேன் (மேனேஜர் இதப் படிக்க மாட்டாருன்னு நம்புறேன்):

படத்திலே ஏரி பளபளக்கும் நேரில்
குடத்தோடு நிற்கும் தெரு

ஈற்றடி:
அடடே. தளை சுத்தம், படத்தி, பளபளன்னு மோனையும் இருக்கு, அதெல்லாம் விடுங்க, விஷயம் இருக்கு. "நேரில்"ல அடிய ஒடச்சது நல்ல எடம். அடுத்தது "மணியடித்தால் ஓடும் மனம்". நாளைக்குள்ள.

டீக்கடை பெஞ்சு:
எங்க தெருவுல லாரியும் வரல வெண்பாவும் வரல. சரி எனக்கும் ஒரு ஈத்தடி குடுங்க ஐயா, சும்மா ட்ரை பண்றேன்.