மறு: ‘கன்ஃபார்மல்’ எறியம்: சமவடிவமா, கோணங்காப்பா?

உலக உருண்டையைத் தட்டைத் தாளில் வரையும் முறைதான் எறியம் (projection). அதில் ‘கன்ஃபார்மல்’ (conformal) என்னும் வகைக்கு, மென்பொருளின் தமிழாக்கத்தில் ‘சமவடிவம்’ என்பதற்குப் பதில் ‘கோணங்காப்பு’ என்று வைக்கலாமா என்பதே பேச்சு. வந்த மறுப்புகளும் என் பதில்களும் கீழே.

> சமபரப்பு, சமதூரம், சமவடிவம் என்று மூன்றும் ஒரே அச்சில் இருக்கின்றன. படிக்கிறவருக்கு மனத்தில் நிற்கும். மூன்றாவதை மட்டும் ஏன் கலைக்க வேண்டும்?

அச்சு நன்றாகத்தான் இருக்கிறது, சொல்தான் தவறான பொருளைத் தருகிறது. ‘சமவடிவ எறியம்’ என்று படிப்பவர் என்ன நினைப்பார்? நாடுகள் உலக உருண்டையில் உள்ள வடிவத்திலேயே தாளிலும் இருக்கும் என்றுதான்.

இந்த வகையில் பேர்போன மெர்க்காட்டர் எறியத்தையே (1569) எடுங்கள். அதில் அட்சம் ஏற ஏற அளவை பெருகும். நிலநடுக்கோட்டில் 1 என்றால் மற்ற இடங்களில் 1/கொசைன்(அட்சம்). கிரீன்லாந்தின் தென்முனை ஏறத்தாழ 60° வடக்கில் இருக்கிறது, அங்கே 2 மடங்கு. வடமுனை 83.6° அளவில், அங்கே சுமார் 9 மடங்கு. ஒரே தீவுக்குக் கால் இரண்டு மடங்கும் தலை ஒன்பது மடங்கும் பெருத்திருக்கின்றன. இதைச் சமவடிவம் என்று எந்த வாயால் சொல்வது?

மாறாமல் இருப்பது ஒன்றே: ஒரு புள்ளியில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணம். அதனால் மிகச் சிறிய உருவங்கள் மட்டும் தம் சாயலை இழப்பதில்லை.

சரிபார்க்க ஒரு வழி. உருண்டையில் 60° அட்சத்தில் சின்ன வட்டம் ஒன்று போடுங்கள். அதன் நடுவிலிருந்து வடகிழக்கே, வடக்கோடு 45° இருக்கும்படி ஒரு கோடு இழுங்கள். இனி மூன்று உருளை எறியங்களில் அது எப்படி விழுகிறது என்று பாருங்கள்.

அட்சத்தையும் தீர்க்கத்தையும் பாகைக்குப் பாகை சதுரக் கட்டமாக வைக்கும் எளிய எறியத்தில் கிழக்கு மேற்காக 2 மடங்கு இழுபடும், வடக்கு தெற்காக மாற்றமில்லை. வட்டம் 2:1 நீள்வட்டமாகிறது, 45° கோடு 63° ஆகச் சாய்கிறது. லாம்பெர்ட்டின் சமபரப்பு உருளை எறியத்தில் (1772) கிழக்கு மேற்காக 2, வடக்கு தெற்காகப் பாதி. பரப்பு அப்படியே நிற்கிறது, ஆனால் வட்டம் 4:1 என்று நசுங்கி, 45° கோடு 76° ஆகிவிடுகிறது. மெர்க்காட்டரில் இரு பக்கமும் 2. வட்டம் வட்டமாகவே இருக்கிறது, 45° என்பது 45° தான். விலை, பரப்பு 4 மடங்கு. திசைகாட்டியை நம்பிப் போகும் மாலுமிக்கு வேண்டியது இந்த மூன்றாவது. ஒரே திசைக்கோணத்தில் செல்லும் பாதை அதில் நேர்க்கோடாக விழும் (மிகக் குறுகிய பாதை பெரும்பாலும் அதுவல்ல என்பது வேறு பேச்சு).

ஆகவே ‘கோணங்காப்பு எறியம்’ என்று முன்மொழிகிறேன்.

———

> கோணம்தான் காரணம் என்றால் ‘சமகோண எறியம்’ போதுமே, அச்சும் கலையாது. தவிர, கோணம் + காப்பு = கோணக்காப்பு என்றல்லவா வர வேண்டும்?

ஐயா, ‘சமகோணம்’ வடிவியலில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. சமகோண முக்கோணம் என்றால் அதன் மூன்று கோணங்களும் தமக்குள் சமம். இங்கே பேசுவது உருண்டையில் உள்ள கோணமும் தாளில் உள்ள கோணமும் ஒன்றாக இருப்பது.

புணர்ச்சியில் இரண்டுக்கும் இடமுண்டு. மரவெட்டியும் இருக்கிறார், மரங்கொத்தியும் இருக்கிறது. கோணத்தைக் காப்பது என்பதால் மரங்கொத்தியின் வழியில் போனேன். மேலும் ‘கோணக்காப்பு’ என்றதும் கோணிப்போன கைவளை ஒன்றுதான் என் கண்முன் வருகிறது.

சமபரப்பைத் தொட வேண்டாம்; பொருள் சரி, புழக்கமும் இருக்கிறது. சமதூரம் கொஞ்சம் ஏமாற்றும். எல்லாப் புள்ளிகளுக்கும் இடையில் தூரத்தைக் காக்கும் தட்டைப் படம் கிடையாது. ஒரு மையத்திலிருந்தோ சில கோடுகளின் வழியாகவோதான் காக்க முடியும். சொல்லை விட்டுவிட்டு, விளக்கக் குறிப்பில் ‘எங்கிருந்து’ என்பதைக் கட்டாயமாக்கலாம்.

———

> ‘எறியம்’ என்றாலே விளக்கு வைத்து நிழல் எறிவது போல இருக்கிறது. மெர்க்காட்டர் அப்படி உருவானதல்லவே?

உண்மை. மையத்தில் விளக்கு வைத்து உருளைமேல் நிழல் விழச் செய்தால் 60° அட்சம் நிலநடுக்கோட்டிலிருந்து உருண்டையின் ஆரத்தைப்போல் 1.73 மடங்கு தள்ளி விழும். மெர்க்காட்டரில் 1.32 மடங்குதான், அது கணக்கால் வருவது. ஆனாலும் எறியம் ஈழத்துப் புவியியல் நூல்களில் ஊன்றிவிட்ட சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பழகிய ‘கோட்டுச் சட்டம்’ அட்ச தீர்க்கக் கோட்டு வலையோடு குழம்புவதால், மென்பொருளுக்கு எறியமே உதவும்.

மென்பொருள் பட்டிகளில் (மெனு) இடும்போது இரண்டு கவனங்கள். யூ.டி.எம். (உலகை மண்டலங்களாகப் பிரித்து வரையும், மெர்க்காட்டர் வழி வந்த எறியம்) கோணங்காப்பு வகை, ஆனால் தூரம் காக்காது: மண்டலத்தின் நடுத் தீர்க்கக்கோட்டில் அதன் அளவைக் காரணி 0.9996, அதாவது தரையில் 1 கிலோமீட்டர் என்பது படத்தின்படி அளந்தால் 40 செ.மீ. குறைவாக வரும். எனவே விளக்கக் குறிப்பில் ‘கோணம் மட்டும்’ என்று இருக்கட்டும்.

இணைய வரைபடங்களின் வெப் மெர்க்காட்டருக்கு நேரே இந்தச் சொல்லை இடவே வேண்டாம். நீள்கோளத்து (துருவங்களில் சற்றே தட்டையான புவி வடிவத்து) அட்சத்தை எடுத்துக் கோளத்துக்கான வாய்பாட்டில் போடுகிறார்கள். அதனால் நிலநடுக்கோட்டில் வடக்கு தெற்காக 0.67% கூடுதலாக இழுபடுகிறது, வட்டம் வட்டமாக நிற்பதில்லை. அதற்கு ‘ஏறத்தாழக் கோணங்காப்பு’ என்று எழுதலாம். அதே வரியில் ‘பரப்பு அளக்க உதவாது’ என்பதையும் சேர்த்துவிடுங்கள், 45° அட்சத்திலேயே பரப்பு இரட்டிப்பாகிவிடும்.