நித்திரைப் பரிசோதனைக்கு என்ன உடுத்துப் போறது, ராத்திரி என்ன நடக்கும்?

ஒட்டுசுட்டான் தம்பி:
குறட்டை, பகலிலை தூங்கி வழியிறது எண்டு போனால் கிளினிக்கிலை ஸ்லீப் ஸ்டடிக்கு, அதுதான் நித்திரையிலை மூச்சு அடைபடுதோ எண்டு பார்க்கிற சோதனைக்கு, எழுதிக் குடுக்கினம். ஒரு இரவு தங்கவேணுமாம். கையிலை தாற துண்டிலை நேரமும் இடமும் மட்டும்தான் இருக்கு. என்ன உடுப்பு, என்ன கொண்டு போறது, கரண்ட் ஏதும் குடுப்பினமோ? தெரிஞ்சவை விபரமா எழுதுங்கோ.

வயர்க்காரன், வவுனியா:
கரண்ட் குடுக்கிறதில்லை, ஊசியும் இல்லை. உங்கடை உடம்பிலையிருந்து வாறதை மெசின் எடுக்கும், அவ்வளவுதான்.

உடுப்புக்கு முதல் தலையைச் சொல்லுறன், அதிலைதான் கனபேர் பிழை விடுகினம். தலைக்கு எண்ணெய் வைக்காதேங்கோ. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், ஜெல், கண்டிஷனர் ஒண்டும் வேண்டாம். எண்ணெய் வைச்சு அரப்புப் போட்டு முழுகினாலும் மண்டைத் தோலிலை ஒரு படை மிஞ்சும். அண்டு காலமை சம்பூ போட்டு ரெண்டுதரம் முழுகி, நல்லாக் காயவிட்டு வாங்கோ. ஈரத்தலையிலும் பசை நிக்காது.

மூளையிலையிருந்து வாற அலை மைக்ரோவோல்ட் கணக்கு, ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாப் பிரிச்ச அளவு. தோலுக்கும் வயர் முனைக்கும் இடையிலை தடை 5 கிலோஓமுக்குக் கீழை இருந்தால்தான் அது தெளிவா வரும். அதுக்காக மணல் மாதிரி நறநறக்கிற ஒரு ஜெல்லாலை தோலைக் கொஞ்சம் உரஞ்சிப்போட்டு, பசை வைச்சு ஒட்டுவினம். எண்ணெய் இருந்தால் தடை இறங்காது. ஒட்டினது ரெண்டு மணிக்குக் கழண்டுவிடும். பிறகு ஆளை எழுப்பித் திரும்ப ஒட்டுறதுதான்.

வயர் போற இடங்கள்: முன்மண்டையிலை ரெண்டு, உச்சிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு, பிடரிப் பக்கம் ரெண்டு, காதுக்குப் பின்னாலை எலும்பிலை ரெண்டு. இடக்கண்ணின்ரை வெளிமூலைக்கு 1 சென்ரிமீற்றர் கீழை ஒண்டு, வலக்கண்ணுக்கு 1 சென்ரிமீற்றர் மேலை ஒண்டு. நாடியிலை (மோவாயிலை) மூண்டு. நெஞ்சிலை ஈசிஜிக்கு ரெண்டு. கெண்டைக்கால் தசையிலை எண்டு சிலபேர் நினைக்கினம், அது பிழை. முழங்காலுக்குக் கீழை முன்பக்கத் தசையிலைதான், காலுக்கு ரெண்டு. மூக்கிலை ஒட்சிசன் குழாய் மாதிரி ஒரு மெல்லிய குழாய், அதோடை வாய்க் காத்தின்ரை சூட்டைப் பிடிக்கிற ஒரு வயர். நெஞ்சிலும் வயித்திலும் ஒவ்வொரு பெல்ற். சுட்டுவிரலிலை ஒட்சிசன் அளவு பார்க்கிற சிவப்பு லைற். இதெல்லாம் பூட்ட முக்கால் மணியிலையிருந்து ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

மாங்குளம் மிஸ்:
தலைக்குச் சொன்னது முகத்துக்கும் பொருந்தும். பவுடர், கிறீம் பூச வேண்டாம். பின்னேரம் குளித்துவிட்டு நெஞ்சு, கழுத்தெல்லாம் பவுடர் தட்டிக்கொண்டு வருவது எங்கள் ஆட்களின் பழக்கம். பவுடருக்கு மேல் பிளாஸ்ரர் ஒட்டவே ஒட்டாது. திருநீறு, சந்தனம் பூசினால் வயர் ஒட்டும்போது துடைக்க வேண்டிவரும், மனம் சங்கடப்பட வேண்டாம்.

தாடி வைத்திருப்பவர்கள் முழுக்க வழிக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு மூன்று நாள் முள்ளுத்தாடி நல்லதல்ல. வழிப்பதென்றால் அன்று காலையிலேயே வழியுங்கள்.

விரல்: நகப்பூச்சை ஒரு கையிலாவது முழுதாக அழித்துவிடுங்கள். கறுப்பு, நீலம், பச்சை போன்ற கடும் நிறங்கள் ஒட்சிசன் அளவைக் குழப்பும். மருதாணி கறுத்து ஏறியிருந்தாலும் சிலவேளை அளவு பிடிபடாது. கலியாணவீட்டுக்கு அடுத்த நாள் வருபவர்கள் முன்கூட்டியே சொன்னால் வேறு விரலிலோ காது மடலிலோ போடலாம்.

உடுப்பு: மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு துண்டாக, தளர்வான பருத்தித் துணி. பெண்களுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த சேட்டும் தளர்ந்த களிசானும் எல்லாவற்றிலும் வசதி. சேலை சரிவராது, கால் வயரும் வயிற்றுப் பெல்ற்றும் கொசுவத்துக்குள் சிக்கிவிடும். நைற்றி சமாளிக்கலாம், ஆனால் புரளும்போது மேலே ஏறும், கமராவும் இருக்கும், ஆகையால் உள்ளே ஒரு நீளக் களிசான் போடுங்கள். இறுக்கமான உள்ளாடை வேண்டாம், நெஞ்சுப் பெல்ற் அதற்கு மேல் நழுவும். நைலோன், பட்டு மாதிரித் துணி வேண்டவே வேண்டாம். பெல்ற் அதில் சறுக்கிக் கீழே போய்விட்டால் மூச்சு எடுக்கிற முயற்சி குறைந்தமாதிரிப் பதிவாகும்.

தாலிக்கொடி கழற்ற வேண்டியதில்லை, பிளாஸ்ரரால் ஒரு பக்கம் ஒட்டிவிடலாம். காப்பு, மோதிரம் வீட்டில் நிற்கட்டும். நீளத்தலைமயிர் என்றால் கொண்டை போடாதீர்கள், படுக்கும்போது பிடரி வயரை அழுத்தும். தளர்வாக இரண்டு பின்னல்.

பெண் ஒருவர் வயர் பூட்ட வேண்டும், ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றால் திகதி எடுக்கும்போதே கேளுங்கள். இரவு போய் நின்று கேட்டால் அந்த முறையில் யார் இருக்கிறார்களோ அவர்தான்.

பரந்தன் பெரியவர்:
ஆம்பிளையளுக்குச் சாரம் சரியோ? அது இல்லாமல் எங்களுக்கு நித்திரை வராதே.

வயர்க்காரன், வவுனியா:
சாரம் கட்டலாம் அண்ணை, உள்ளுக்கை ஒரு சோட்ஸ் போட்டுக்கொள்ளுங்கோ. பிரச்சினை முடிச்சுத்தான். வயித்துப் பெல்ற்றின்ரை சென்சர் சரியா அந்த இடத்திலை வரும். முடிச்சைப் பக்கவாட்டிலை கட்டினால் சரி. நடுச்சாமத்திலை சாரம் அவிழ்ந்து கால் வயரைச் சுத்திக்கொண்டால் எழும்பி நடக்கேக்கை இழுபடும். ஒரு கால் வயர் போனாலும் கால் உதறுற நோய் இருக்கோ எண்டு அரைவாசிதான் சொல்லலாம்.

இன்னொண்டு, அறை குளிரா இருக்கும். வேர்த்தால் மூளை அலையிலை பெரிய மெதுவான அலையள் கலந்து, ஆழ்ந்த நித்திரை மாதிரிக் காட்டும், அதாலை ஏசியைக் குறைக்க விடாயினம். சொந்தப் போர்வையும் தலகாணியும் கொண்டு போங்கோ. கணுக்கால் மட்டும் நிக்கிற சொக்ஸ் போடலாம். விரல் குளிர்ந்து விறைச்சாலும் சிவப்பு லைற் ஒழுங்கா வாசிக்காது, கையைப் போர்வைக்குள்ளை வையுங்கோ.

குளத்தடி அக்கா:
நாள் ஒழுங்கைச் சொல்லுறன். மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பி இல்லை. பிளேன்ரீயும் தேத்தண்ணிதான். பகல் நித்திரை இல்லை. வெத்திலை பாக்கும் முழிப்பைத் தாற சாமான், பின்னேரத்தோடை நிப்பாட்டுங்கோ. கள்ளும் சாராயமும் தொண்டைத் தசையைத் தளர்த்தி மூச்சடைப்பைக் கூட்டிக் காட்டும். தினமும் குடிக்கிற ஆள் எண்டால் திடீரெண்டு விட்டுப்போட்டு வராமல் டொக்டரிட்டைச் சொல்லிக் கேக்கவேணும்.

குளிசையளை நீங்களா நிப்பாட்டாதேங்கோ. பிறசர், சீனிக் குளிசை வழமைபோலை. நித்திரைக் குளிசை, மனநலக் குளிசை போடுறவை கிளினிக் கொப்பியைக் கட்டாயம் கொண்டு போகவேணும். அதுகளிலை சிலது கனவு நித்திரையைக் குறைக்கும். நித்திரை வரட்டும் எண்டு பிரிற்றோன் (அலர்ஜிக் குளிசை) போடுறது கெட்டித்தனம் இல்லை.

எங்கடை பக்கத்து ஆக்களுக்கு ரெண்டு விசயம். ஒண்டு, பயணம். தூர இடத்திலை திகதி கிடைச்சால் இரவு பஸ்ஸிலை போய் இறங்கி, பகலெல்லாம் சொந்தக்காரர் வீட்டிலை படுத்துப்போட்டுப் பின்னேரம் போய்ப் பூட்டினால் விடியுமட்டும் கண் மூடாது. முதல்நாளே போய் அந்த இரவு ஒழுங்காப் படுங்கோ, இல்லாட்டிப் பகல் பயணம் செய்யுங்கோ. மற்றது, வயல் காவல். யானைக்கும் பண்டிக்கும் இரவிரவா முழிச்சிருந்து பகலிலை படுக்கிறவைக்கு உடம்பின்ரை மணிக்கூடே மாறியிருக்கும். அதை முதலே சொல்லிப்போட்டு, ரெண்டு கிழமைக்கு எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு எழும்பினது எண்டு ஒரு கொப்பியிலை எழுதிக்கொண்டு போங்கோ. அறுவடை நேரத்திலை திகதி தந்தால் மாத்திக் கேக்கிறது பிழையில்லை.

தடிமன், மூக்கடைப்பு எண்டாலும் போன் பண்ணிப் பின்போடுங்கோ. மூக்குக் குழாய் ஒண்டும் வாசிக்காது.

ஒட்டுசுட்டான் தம்பி:
இத்தனை வயரோடை நித்திரை வராட்டி என்ன செய்யிறது? ஒண்டுக்கு வந்தால்?

வயர்க்காரன், வவுனியா:
புது இடத்திலை முதல் இரவு கனபேருக்கு நித்திரை குறையும். அது தெரிஞ்ச விசயம், வாசிக்கிறவை அதையும் கணக்கிலை எடுப்பினம். எட்டு மணித்தியாலம் அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கத் தேவையில்லை.

ஒண்டுக்கு வந்தால் சத்தமாக் கூப்பிடுங்கோ, அறையிலை மைக் இருக்கு. வயரெல்லாம் ஒரு சின்னப் பெட்டியிலை வந்து சேரும். பெட்டியைக் கழட்டிக் கழுத்திலை மாட்டிவிட்டால் எழும்பிப் போகலாம். நீங்களாக் கழட்டாதேங்கோ.

லைற் நிப்பாட்ட முதல் ஸ்பீக்கரிலை சில கட்டளை வரும். கண்ணை மட்டும் மேலை கீழை, இடம் வலம் அசை. அஞ்சுதரம் இமை. பல்லைக் கடி. குறட்டை மாதிரிச் சத்தம் போடு. 10 செக்கன் மூச்சைப் பிடி. இடப் பாதத்தை மேலை மடக்கு, வலப் பாதத்தை மடக்கு. தலையை ஆட்டாமல் செய்யுங்கோ. எந்த வயர் வேலை செய்யேல்லை எண்டு அப்பவே தெரிஞ்சிடும். சிரிச்சுக் கொண்டு செய்தால் திரும்ப முதலிலையிருந்து.

கொஞ்ச நேரமாவது மல்லாக்கப் படுங்கோ. கனபேருக்கு மூச்சடைப்பு அப்பதான் கூட. சரிஞ்சே படுத்தால் வருத்தம் குறைஞ்ச மாதிரிக் காட்டும். போனையும் சார்ஜரையும் பெட்டிக்குப் பக்கத்திலை வையாதேங்கோ, மெயின் கரண்டின்ரை 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் கோட்டிலை ஏறும்.

முரசுமோட்டை:
ஷெல் துண்டு உடம்பிலை இருக்கிறவை செய்யலாமோ? ஒரு காலுக்குச் செயற்கைக் கால் போட்டவைக்கு?

மாங்குளம் மிஸ்:
இரண்டும் தடையில்லை. எம்ஆர்ஐ மாதிரி இதில் காந்தம் கிடையாது. உலோகத்துண்டு இருந்தாலும் ஒன்றும் ஆகாது. செயற்கைக் காலைப் படுக்கும்போது வழமைபோல் கழற்றலாம், வயர் மற்றக் காலில் மட்டும் போடப்படும். இரவு பாத்ரூம் போக ஊன்றுகோலைக் கட்டிலுக்கு எட்டத்தக்க இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். தலையில் காயத் தழும்போ, மண்டையோடு எடுத்த இடமோ இருந்தால் வயர் பூட்டத் தொடங்க முன்னரே காட்டுங்கள். அந்த இடத்தில் அலை பெரிதாக வரும். காரணம் தெரியாவிட்டால் வாசிப்பவர் வேறு எதையாவது சந்தேகப்படுவார்.

இன்னொன்றையும் சொல்ல வெட்கப்பட வேண்டாம். கெட்ட கனவில் கத்தி எழும்புகிறவர்கள், தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கை வீசுகிறவர்கள் நம்மிடையே நிறையப்பேர். "என்னைத் தொடாமல் கதவடியில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ" என்று இரவு வேலைக்காரரிடம் முதலே சொல்லுங்கள். முழு இருட்டு ஒத்துக்கொள்ளாது என்றால் சின்ன லைற் கேட்கலாம், கமரா அகச்சிவப்பு வெளிச்சத்தில் வேலை செய்வது.

நெடுங்கேணி:
சாமத்திலை எழுப்பி முகத்திலை மாஸ்க் பூட்டினால் பயப்பிடாதேங்கோ. முதல் 2 மணித்தியால நித்திரையிலையே அடைப்பு மிஞ்சிப் போனால் மிச்ச இரவை சீபாப் (மூச்சுவழி அடைபடாமல் மாஸ்க்காலை காத்தை அமுக்கிக் குடுக்கிற மெசின்) அளவு பார்க்கப் பாவிப்பினம். காத்தின்ரை அமுக்கம் 4 சென்ரிமீற்றர் தண்ணி அளவிலை தொடங்கி, அஞ்சு நிமிசத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு ஒவ்வொண்டாக் கூட்டுவினம், அடைப்பு நிக்கிறமட்டும். இந்த முறையை 1981இலை சிட்னியிலை கொலின் சலிவன் எண்ட டொக்டர்தான் கொண்டு வந்தவர். பல்லுக்கட்டு போடுறவை, வீட்டிலை அதைக் கழட்டிப்போட்டுப் படுக்கிறவை எண்டால் இங்கையும் கழட்டிப்போட்டே மாஸ்க் அளவு பாருங்கோ. கட்டோடை அளந்த மாஸ்க் கட்டு இல்லாத வாயிலை கன்னப் பக்கத்தாலை காத்து விடும்.

குளத்தடி அக்கா:
காலமை அஞ்சு, ஆறு மணிக்கு எழுப்பிக் கழட்டுவினம். அந்த நேரம் "என்ன வருத்தம், சொல்லுங்கோ" எண்டு நிக்கிறதிலை பிரயோசனம் இல்லை. இரவை 30 செக்கன் துண்டு துண்டா வெட்டி வாசிக்கிறது. 8 மணித்தியாலத்துக்கு 960 துண்டு. முடிவிலை பார்க்கவேண்டிய இலக்கம், மணித்தியாலத்துக்கு எத்தனை தரம் மூச்சு நிண்டது அல்லது குறைஞ்சது எண்டது. 10 செக்கனாவது நீடிச்சால்தான் ஒண்டாக் கணக்கு. 5 தொடக்கம் 15க்குள்ளை லேசு, 15 தொடக்கம் 30 நடுத்தரம், 30ம் அதுக்கு மேலையும் கடும். 30 எண்டால் ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கால்.

திரும்பிப் போகேக்கை மோட்டச்சைக்கிள் ஓடாதேங்கோ. ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ, இல்லாட்டி பஸ்.

பரந்தன் பெரியவர்:
தலையிலை இருக்கிற பசை எப்பிடிப் போகும்?

வயர்க்காரன், வவுனியா:
வெள்ளைப் பசை எண்டால் இளஞ்சூட்டுத் தண்ணியிலை கரையும். முதலிலை சம்பூ போடாமல் தண்ணியை மட்டும் விட்டு ஊறவிடுங்கோ. அவசரப்பட்டுச் சீப்பாலை இழுத்தால் மயிர்தான் வரும். கன்னத்திலும் நெஞ்சிலும் பிளாஸ்ரர் ஒட்டின கறைக்கு ரெண்டு துளி தேங்காயெண்ணெய் தடவித் துடையுங்கோ. ஆனால் ஒண்டு: பகலிலும் தொடர்ந்து சோதனை இருக்கு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் படுக்க விட்டுப் பார்க்கப் போகினம் எண்டால், பின்னேரம் அது முடியுமட்டும் தலையிலை கை வையாதேங்கோ.