ஆர்க்கியாப்டெரிக்ஸை எங்கே பிரித்துப் படிப்பது?

விலங்கியல் இளநிலை இரண்டாம் ஆண்டில், வகுப்பில் பேச எனக்கு வந்த தலைப்பு ஆர்க்கியாப்டெரிக்ஸ். 1861இல் ஜெர்மானியரான ஹெர்மன் வான் மேயர் பெயரிட்ட, இறகுள்ள தொல்லுயிர். டெரோடாக்டைல் (pterodactyl) என்ற பறக்கும் தொல் ஊர்வனவின் ஆங்கிலப் பெயரில் முன்னால் நிற்கும் ‘ப்’ ஒலிக்காது என்று படித்திருந்தேன். அதனால் இதையும் ‘ஆர்க்கியோடெரிக்ஸ்’ என்றே நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன்.

பேசி முடித்ததும் பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினார். மேலே ‘ஆர்க்கியோ + ப்டெரிக்ஸ்’, கீழே ‘ஆர்-கி-யாப்-டெ-ரிக்ஸ்’. “மேலே பதம் பிரிச்சிருக்கேன், கீழே அசை பிரிச்சிருக்கேன். ரெண்டும் ஒரே இடத்துல பிரியணும்னு இல்லம்மா” என்றார்.

பள்ளியில் வெண்பாவை அலகிடும்போது படித்த வகையுளி சட்டென்று நினைவுக்கு வந்தது. ஓசைக்காகச் சொல்லை நடுவில் வெட்டுவோமே, அதேதான். கிரேக்கத்தில் ‘ஆர்க்கயோஸ்’ என்றால் பழைய, ‘ப்டெரிக்ஸ்’ என்றால் சிறகு. சிறகின் முதல் மெய் முந்தைய அசையோடு போய் ஒட்டிக்கொள்கிறது. ஹெலிகாப்டரும் அப்படித்தான்: சுருளைக் குறிக்கும் ‘ஹெலிகோ’, சிறகைக் குறிக்கும் ‘ப்டெர்’. கிரேக்கர்கள் ‘ப்’, ‘ட்’ என்ற இரண்டு மெய்யையும் சேர்த்தே ஒலித்தார்கள். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் அந்த ‘ப்’ ஒலிக்காது, நடுவில் ஒலிக்கும். மெய் மொழிக்கு முதலாகாது என்று படித்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அன்றிலிருந்து எந்தப் பெயரானாலும் முதலில் பதம், அப்புறம் அசை. டிப்ளோடோகஸ் என்ற டைனோசரைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ‘டிப்ளோஸ்’ இரட்டை, ‘டோகோஸ்’ உத்தரம். டிப்ளோ-டோகஸ் என்பாரும் உண்டு, டிப்ளாடகஸ் என்பாரும் உண்டு. இரண்டும் வழக்கில் இருப்பவை. பொருள் காதில் விழுவதால் நான் முன்னதையே சொல்கிறேன்.

போன வருடம் என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரையாட்டுப் படத்துக்குக் கீழே இருந்த அறிவியல் பெயரின் முதல் சொல்லை ‘நில்ஜி-ரிட்-ராகஸ்’ என்று திணறித் திணறிப் படித்தாள். பின்பாதியை விரலால் மறைத்தேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“நீலகிரி! டீச்சர், நம்ம நீலகிரி!”

விரலை எடுத்தேன். ‘டிரேகஸ்’ கிரேக்கத்தில் வெள்ளாட்டுக் கடா, 2005இல்தான் இந்தப் பேரினப் பெயரை வைத்தார்கள் என்று சொன்னேன். அடுத்த சொல் ஹைலோக்ரியஸ். அதில் ‘ஹைலோ’ காடு, ‘க்ரியஸ்’ செம்மறிக் கடா. அதை நான் பிரித்துக் காட்டுவதற்குள் அவளே பாதியைத் தன் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டாள்.