ஐசிஎஃப் பெட்டி தண்டவாளத்தில் பொருந்தவில்லை, அவசரம்

லூப்லைன்:
என் மாடல் ரயிலுக்காக ஐசிஎஃப் (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டி ஒன்றைச் சிறிய அளவில் அட்டையில் வெட்டி ஒட்டினேன். பக்கவாட்டில் அசல் மாதிரியே இருக்கிறது. தரையில் படுத்து நேர் முன்னால் பார்த்தால் சக்கரம் உள்ளே ஒடுங்கி, உடம்பு மட்டும் உப்பித் தெரிகிறது. மூன்று முறை அளந்துவிட்டேன், அகலம் சரிதான். எங்கே தவறு? ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வருகிறார்கள்.

சிக்னல்கம்பம்:
என்ன ஸ்கேல்? எந்தத் தண்டவாளம்? பெட்டியின் அகலம் எத்தனை மி.மீ.?

கரித்தூள்:
இது போகி (பெட்டிக்கு அடியில் சக்கரங்கள் பூட்டிய சட்டம்) உயரம்தான். பெட்டி ஒரு மி.மீ. தூக்கி உட்கார்ந்தாலே இப்படித் தோன்றும். வாஷரைக் கழற்றிப் பாருங்கள்.

லூப்லைன்:
எச்ஓ. அகலம் 37.3. தண்டவாளம் கடையில் வாங்கியது. வாஷரே போடவில்லை.

ஜங்ஷன்:
பெட்டி கட்டும் முன் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம், கணக்குப் போடுவது பாலபாடம். பல முறை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. எச்ஓ என்றால் 1:87, அசலில் 87-ல் ஒரு பங்கு. கடைத் தண்டவாளம் 16.5 மி.மீ., 87-ஆல் பெருக்கினால் 1,435. அது ஐரோப்பாவில், அமெரிக்காவில் உள்ள பாதை. நம் அகலப்பாதை 1,676 மி.மீ., அதற்கு 19.3 வேண்டும். உங்கள் பெட்டி ஒவ்வொரு பக்கமும் 1.4 மி.மீ. கூடுதலாக வெளியே நிற்கிறது. அசலில் அது 12 செ.மீ. கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா?

கரித்தூள்:
சரி, கேஜ்தான். ஆனால் தண்டவாளத்தை ஏன் மாற்ற வேண்டும்? 1,676-ஐ 16.5-ஆல் வகுத்தால் 101.6 வருகிறது. பெட்டியை 1:101.6-ல் கட்டினால் அகலம் 31.9, நீளம் 210. கடைத் தண்டவாளமே அகலப்பாதை ஆகிவிடும்.

ஜங்ஷன்:
அப்புறம் எச்ஓ நடைமேடை, ஆட்கள், மரம் எல்லாவற்றையும் தூக்கி எறிவதா? அளவு என்றால் எல்லாமே ஒரே அளவு.

சிக்னல்கம்பம்:
எல்லாமே என்றால் தண்டவாளத்தின் உயரத்தையும் சொல்லுங்கள். கோட் 100 என்ற வகை மாடல் தண்டவாளம் 2.54 மி.மீ. உயரம், அசலில் 22 செ.மீ. ஆகிறது. நம் மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளமே 17.2 செ.மீ.தான். வளைவு இன்னும் மோசம். அகலப்பாதையில் மிகக் கூர்மையான 10 டிகிரி வளைவுக்கு ஆரம் 175 மீட்டர், எச்ஓவில் 2 மீட்டர். என் வீட்டுக் கூடத்தில் அது திரும்பாது. நான் 44 செ.மீ. வளைவில்தான் ஓட்டுகிறேன். கேஜில் மட்டும் கறாராக இருந்து என்ன பயன்?

ஜங்ஷன்:
இடம் இல்லாததால் வளைவை விட்டுக்கொடுப்பது வேறு. கேஜ் ரயிலின் முகம், அதில் சமரசம் கூடாது.

கரித்தூள்:
ஓடாத ரயிலுக்கு முகம் எதற்கு? 19.3-ல் பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொன்றும் கையால் சால்டர் செய்ய வேண்டும்.

ஜங்ஷன்:
நான்கு கட்டியிருக்கிறேன். நான்கும் ஓடுகின்றன.

லூப்லைன்:
ஒரு அடி நீளத்துக்கு 19.3-ல் கையாலேயே தண்டவாளம் போட்டேன், அடியில் குறுக்குக்கட்டைக்குத் தீக்குச்சி. அச்சை நீட்டிப் பெட்டியை வைத்தேன். முன்பக்கம் இப்போது பெரம்பூரில் நிற்பதைப் போலவே இருக்கிறது. ஓட்டுவதற்கு 16.5-தான். நன்றி.

சிக்னல்கம்பம்:
அச்சை எப்படி நீட்டினீர்கள்? படம் போடுங்கள்.