மாரத்தான் வானொலிப் பணி: 'டாக்டிக்கல் கால் சைன்' – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

பெரிய ஓட்டப் போட்டிகளில் தகவல்தொடர்புக்கு நிற்கும் ஹாம் வானொலித் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் அமெச்சூர் வானொலி) தொண்டர்களுக்கான கையேடு தமிழில் தயாராகிறது. 'டாக்டிக்கல் கால் சைன்' என்பதற்கு வரைவில் 'உத்தி அழைப்புக்குறி' என்று இருக்கிறது. படிப்பவருக்கு அது ஒன்றும் சொல்வதில்லை. 'தந்திர' என்று தொடங்கினால் இன்னும் மோசம்.

பொருள் இதுதான். உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அரசு தந்த அழைப்புக்குறி, அதாவது எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம், உண்டு. அது ஆளோடு போகும். போட்டியன்று கட்டுப்பாட்டு நிலையத்தில் இருப்பவருக்குப் பேசுவது யார் என்பதைவிட எங்கிருந்து பேசுகிறார் என்பது முக்கியம். பாஸ்டன் மாரத்தான் ஹாப்கின்டனில் தொடங்கி, எட்டு ஊர்களைத் தொட்டு, பாய்ல்ஸ்டன் தெருவில் முடிகிறது. 42.195 கி.மீ. நெடுகிலும் மருத்துவக் கூடாரங்களில் ஹாம்கள் நிற்கிறார்கள். 'மருத்துவம் 12' என்று கூப்பிட்டால் அங்கே அப்போது நிற்பவர் பதில் தருவார். மதியம் ஆள் மாறினாலும் பெயர் மாறாது.

என் பரிந்துரை: நிலைப்பெயர்.

* * *

> என் பரிந்துரை: நிலைப்பெயர்.

நின்ற இடத்தில் இருப்பவருக்குச் சரி. நகர்பவர்களை என்ன செய்வது? ஓட முடியாமல் விலகியவர்களை ஏற்றிக்கொண்டு கடைசியில் வரும் பேருந்தில் ஒரு ஹாம் இருப்பார். தலைமை மருத்துவர் போகுமிடமெல்லாம் கூடவே போக ஒருவர் இருப்பார். அவர்களுக்கு நிலை ஏது? 'இடப்பெயர்' என்றாலும் இதே சிக்கல்தான்.

நம் இலக்கணத்திலேயே ஒரு சொல் இருக்கிறதே, குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதைப் போல, ஒரு குழு தனக்குள் வைத்துக்கொள்ளும் பெயர். இல்லையென்றால் 'அழைபெயர்' என்ற வினைத்தொகை.

* * *

குழூஉக்குறி வேண்டாம். அது வெளியார் அறியாதபடி பேசுவதற்கு. ஹாம் அலைவரிசையில் பொருளை மறைக்கும் குறியீட்டுப் பேச்சுக்கு அமெரிக்க விதிகளில் இடமில்லை. இங்கே நோக்கமும் நேர் எதிரானது: பக்கத்தில் நிற்கும் செவிலியர் காதில் விழுந்தாலும் 'மருத்துவம் 12' எது என்று புரிய வேண்டும்.

'அழைபெயர்' அழகான சொல், ஆனால் கையேட்டில் ஆபத்து. அந்தப் பெயரை வைத்துக்கொண்டால் உரிமக் குறியைச் சொல்ல வேண்டியதில்லை என்று புதியவர்கள் நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அமெரிக்க விதிப்படி உரையாடலின் முடிவிலும், நீண்டால் குறைந்தது 10 நிமிடத்துக்கு ஒரு முறையும் சொந்த அழைப்புக்குறியைச் சொல்லியே ஆக வேண்டும். அழைப்புக்குறி, அழைபெயர் என்று இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தால் குழப்பம் உறுதி. நடைமுறையில் பேச்சு இப்படித்தான் போகும்:

"கட்டுப்பாடு, மருத்துவம் 12."
"மருத்துவம் 12, சொல்லுங்கள்."
"மார்பெண் நான்கு ஒன்று ஏழு ஏழு, ஓட்டத்திலிருந்து விலகல், பேருந்து தேவை."
"மார்பெண் நான்கு ஒன்று ஏழு ஏழு, பேருந்து வருகிறது."

கடைசியில் மருத்துவம் 12 தன் அழைப்புக்குறியைச் சொல்லி முடிப்பார். ஓட்டக்காரரின் பெயரை அலையில் சொல்வதே இல்லை. யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய அலைவரிசை அது.

நான் சொல்வது 'பணிப்பெயர்'. கூடாரத்தில் நிற்பவருக்கும் பேருந்தில் வருபவருக்கும் மருத்துவர் பின்னால் நடப்பவருக்கும் பொதுவானது பணிதான்.

இன்னொன்றும் கையேட்டில் சேர வேண்டும். பணிப்பெயர்களைத் தமிழில் வைக்கும்போது முதல் அசையை நம்பக் கூடாது. பொத்தானை அழுத்தியதும் ரிப்பீட்டர் (நம் கருவியின் அலையை வாங்கி வலுவாக மறுபடி அனுப்பும் நிலையம்) உடனே திறப்பதில்லை. பேச்சோடு சேர்த்து நம் கருவி அனுப்பும் தாழ்ந்த துணை ஒலியை அது அடையாளம் காணச் சற்று நேரம் பிடிக்கும். ஒன்றோடொன்று இணைத்த ரிப்பீட்டர்கள் என்றால் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் விழுங்கும். அதனால்தான் அழுத்தி ஒரு வினாடி பொறுத்துப் பேசச் சொல்கிறோம். அவசரத்தில் யாரும் பொறுப்பதில்லை. 'வடக்கு வாயில்', 'கிழக்கு வாயில்' இரண்டிலும் தலை போனால் மிஞ்சுவது 'க்கு வாயில்'. தெற்கும் மேற்கும் அப்படியே. திசைப் பெயர்களை அறவே தவிர்க்கலாம். எண்களிலும் 'அறுபது', 'எழுபது' வேண்டாம்; 'ஆறு பூஜ்ஜியம்', 'ஏழு பூஜ்ஜியம்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்.

வெறும் எண்ணும் போதாது. ஒரே மைலில் தண்ணீர்ப் பந்தலும் மருத்துவக் கூடாரமும் இருந்தால் '12' எதைக் குறிக்கும்? ஆம்புலன்ஸ் சாலையின் தவறான பக்கம் போய் நிற்கும். கூட்டமும் தடுப்பு வேலியும் இருக்கும்போது அதைத் திருப்பிக் கொண்டுவருவது எளிதல்ல.

* * *

> நான் சொல்வது 'பணிப்பெயர்'.

அலுவலகப் பதவி என்று நினைத்துவிட மாட்டார்களா?

* * *

அதற்குப் 'பதவிப்பெயர்' வழக்கில் இருக்கிறது, மோதாது. 'பணிப்பெயர்' எனக்கும் சம்மதம், நிலைப்பெயரை விட்டுவிடுகிறேன். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டனில் முடிவுக்கோடு அருகே குண்டுகள் வெடித்ததும் செல்பேசி வலையமைப்பு நெரிசலில் திணறியது. ஆயிரக்கணக்கானோர் இன்னும் பாதையில் இருந்தார்கள். அப்படியொரு வேளையில், செய்தி எங்கிருந்து வருகிறது என்பதைப் பெயரே சொல்லிவிட வேண்டும். இந்தச் சொல்லில் இவ்வளவு கவனம் எடுப்பதற்குக் காரணம் அதுதான்.

கலைச்சொல் பட்டியலுக்கு அனுப்பும் வரைவு:

பணிப்பெயர் (பெ.): ஒரு நிகழ்வில் வானொலித் தொண்டர் ஏற்றிருக்கும் பணியையோ இடத்தையோ குறித்து, அந்நிகழ்வு முடியும்வரை வழங்கும் பெயர். ஆள் மாறினாலும் மாறாது. உரிம அழைப்புக்குறிக்கு மாற்றாகாது. எ-டு: மருத்துவம் 12, தண்ணீர் 12, கடைசிப் பேருந்து 2.

பதிவேட்டுப் படிவத்தில் நேரம், பணிப்பெயர், அழைப்புக்குறி, செய்தி என்று நான்கு நெடுவரிசை போடுகிறேன். ஆள் மாறும்போது இரண்டாவது அப்படியே இருக்க மூன்றாவது மட்டும் மாறும். 'நெட் கன்ட்ரோல்' (எல்லோருடைய பேச்சையும் ஒழுங்குபடுத்தும் நிலையம்) என்பதைக் 'கட்டுப்பாடு' என்று வைத்தது தற்காலிகம். 'நெறியாளர்' பொருந்துமா என்று தனி இழையில் எழுதுங்கள்.