அம்மோனியா கசிவு: முப்பது பேர் ஒன்றாக வந்து இறங்கினால் மருத்துவமனை வாசலில் என்ன ஏற்பாடு வேண்டும்?

கடலோர_செவிலி (கேள்வி)

கடலோரத் தாலுகா மருத்துவமனை ஒன்றுக்கு அவசரகாலத் திட்டம் எழுதுகிறோம். பக்கத்தில் ஐஸ் ஃபேக்டரிகளும் இறால் பதப்படுத்தும் கூடங்களும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் குளிரூட்ட அம்மோனியாதான். இரவு டூட்டியில் ஒரு டாக்டர், இரண்டு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பணியாளர், ஒரு வாட்ச்மேன் மட்டுமே.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நடுராத்திரியில் வீட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. அதுபோல முப்பது பேர் ஆட்டோவிலும் டூவீலரிலும் வந்து இறங்கினால், முதல் இருபது நிமிடத்தில் இந்த ஐந்து பேர் என்ன செய்வது? எல்லோரையும் கழுவ வேண்டுமா? எவ்வளவு தண்ணீர் தேவை? எங்களிடம் இருக்கும் N95 போதுமா? பெண்கள் புடவையைக் களைய மறுத்தால் என்ன செய்வது? தாலியை என்ன செய்வது?

அவசரப்பிரிவு_மருத்துவர்

சிஸ்டர், முதலில் வாட்ச்மேனுக்குச் சொல்ல வேண்டியது: கேஷுவால்டி கதவைப் பூட்டி, ஆட்களை வெளியே திறந்தவெளியில் நிறுத்த வேண்டும். இது இரக்கமில்லாத வேலையாகத் தோன்றும். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நரம்பு நச்சு வீசப்பட்டபோது, செயின்ட் லூக் மருத்துவமனைக்கு ஒரே நாளில் 640 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் போட்ட உடுப்போடு உள்ளே போனார்கள். பிறகு விசாரித்தபோது ஊழியர்களில் 23 சதவீதம் பேர் தங்களுக்கும் பாதிப்பு இருந்ததாகச் சொன்னார்கள். காற்றோட்டம் குறைந்த சிற்றாலயத்தில் நோயாளிகளைப் பார்த்தவர்களுக்கு அது அதிகமாக இருந்தது.

அம்மோனியா சாரின் இல்லை. வாயு மட்டும் பட்டு, தோலிலும் கண்ணிலும் எரிச்சல் இல்லாதவரைக் கழுவவே வேண்டாம். மேல் உடுப்பைக் கழற்றி, மாற்றுத் துணி கொடுத்து, காற்றோட்டமாக உட்கார வைத்தால் போதும். எரிச்சல் உள்ளவரும் திரவம் தெறித்தவரும்தான் குழாயடிக்குப் போக வேண்டும். முப்பது பேரையும் வரிசையில் நிறுத்தினால் மூச்சுத் திணறுபவர் பதினெட்டாவது ஆளாக நிற்பார்.

தண்ணீர்க் கணக்கு இப்படி. தோட்டத்து ஹோஸ் நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் என்று வையுங்கள். தோல் எரிச்சலுக்கு 15 நிமிடம் கழுவ ஆளுக்கு 150 லிட்டர் ஆகும். எட்டுப் பேர் என்றால் 1,200. மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் பாதியிலேயே வற்றிவிடும், மோட்டார் போட ஆள் தேவை. இதைப் பணியாளர் பெயருக்கு நேரே திட்டத்தில் எழுதிவிடுங்கள். பீய்ச்சி அடிக்கக் கூடாது, வேகம் குறைத்து விட வேண்டும். வினிகர், எலுமிச்சை என்று யாராவது கொண்டுவந்தால் தடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. திரவ அம்மோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் பொருள். தெறித்த இடத்தில் துணி தோலோடு உறைந்து ஒட்டியிருக்கும். இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, துணி தானாக விட்ட பிறகு கத்தரியால் வெட்டி எடுங்கள். தலைவழியாகக் கழற்ற வேண்டாம்.

தீ_மீட்பு_நிலையம்

டாக்டர் சொன்ன இடம் எது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். கடலோரத்தில் பகலில் கடலிலிருந்தும் இரவில் நிலத்திலிருந்தும் காற்று வீசும். அதனால் கழுவும் இடம் இரண்டு வேண்டும், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. மொட்டை மாடியில் ஒரு மெல்லிய துணியைக் கட்டி வையுங்கள், அது ஆடும் திசையைப் பார்த்தால் தெரிந்துவிடும். கழுவும் இடம் கட்டடத்துக்குக் காற்று போகும் பக்கத்தில் இருந்தால் வாடை உள்ளே ஏறாது. ஏசியை அணைத்து, அந்தப் பக்க ஜன்னல்களைச் சாத்துங்கள்.

N95 வாயுவை நிறுத்தாது. அது துகளுக்கானது. அம்மோனியாவுக்கு K வகை, பச்சைப் பட்டை போட்ட கேட்ரிட்ஜ் வேண்டும். குளோரினுக்கு B, சாம்பல் பட்டை. பலவாயு வகை என்றால் ABEK என்று போட்டிருக்கும். இரண்டு அரைமுகமூடி, காற்றுப்புகாத கண்ணாடி, இரண்டடுக்கு நைட்ரில் கையுறை, ரப்பர் ஏப்ரன், கம்பூட்ஸ் இருந்தால் வாசலில் கழுவும் வேலைக்குப் போதும். கசிவிடத்துக்குள் இதைப் போட்டுக்கொண்டு யாரும் போகக் கூடாது. அங்கே 300 பி.பி.எம். அளவே உயிருக்கு ஆபத்து, காற்று சிலிண்டர் கட்டாமல் நுழைய முடியாது. ஆறு லிட்டர், 300 பார் அழுத்தமுள்ள சிலிண்டரில் 1,800 லிட்டர் காற்று இருக்கும். உழைக்கும்போது நிமிடத்துக்கு 40 லிட்டர் போகும். மொத்தம் 45 நிமிடம் என்றாலும் காற்று குறைவதை எச்சரிக்கும் விசில் அதற்கு முன்பே, 50 பார் அளவில் அடித்துவிடும், வெளியே வரும் நேரமும் அதற்குள்தான். ஆகவே உள்ளே இருக்கும் ஒருவரை எப்போது கொண்டுவருவார்கள் என்று எங்களைக் கேட்டால் துல்லியமாகச் சொல்ல முடியாமல் போகலாம்.

அம்மோனியா காற்றைவிட லேசானது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். அழுத்தத்தில் உள்ள திரவம் கசியும்போது வருவது குளிர்ந்த வெள்ளைப் புகைமூட்டம், அது தரையோடு தவழ்ந்து போகும். தேங்கிய திரவத்தின் மேல் நேரடியாகத் தண்ணீர் அடித்தால் ஆவி பெருகும். திரை போல ஸ்ப்ரே விட்டு மேகத்தை அடக்குவதுதான் முறை. தப்பி ஓடும்போது மூக்கில் ஈரத்துண்டு உதவும், வாயு தண்ணீரில் கரைவதால்தான். அதைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய முடியாது.

டேங்கர் விபத்தென்றால் வண்டியில் உள்ள பலகையில் 1005 எண் இருந்தால் அம்மோனியா, 1017 என்றால் குளோரின். டிரைவரிடம் ட்ரெம் கார்டு (சரக்கின் ஆபத்தும் அவசர நடவடிக்கையும் எழுதிய அட்டை) இருக்கும். 108-க்குச் சொல்லும்போது இந்த எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள், பெயர் உச்சரிப்பில் குழப்பம் வராது.

மயக்கவியல்_பணி

முதல் பதிலில் ஒன்றைச் சேர்க்கிறேன். காயத்தின் தீவிரத்தைப் பார்த்து ஆட்களை நிறப் பட்டையால் பிரிக்கும் எளிய ஸ்டார்ட் முறையில் (சிவப்பு உடனடிச் சிகிச்சை, பச்சை காத்திருக்கலாம், கறுப்பு பிழைக்க வாய்ப்பில்லை) நடப்பவர் எல்லோருக்கும் பச்சை. இங்கே அது ஏமாற்றும். அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரைவதால் தொண்டையையும் குரல்வளையையும் முதலில் தாக்கும். நடந்து வந்தவரின் குரல் கரகரத்திருந்தால், எச்சில் விழுங்க முடியாமல் துப்பினால், மூச்சிழுக்கும்போது கீச்சென்ற ஒலி வந்தால், வாய்க்குள் வெளுத்திருந்தால், அவரை உடனே சிவப்புக்கு மாற்றுங்கள். வரிசை, குழாயடி எதற்காகவும் அவர் காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜனோடு உடுப்பைக் களைந்து, ஓரிரு நிமிடம் தண்ணீர் விட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

வீக்கம் மணிக்கணக்கில் கூடும். இப்போது எளிதாகப் போகும் மூச்சு ட்யூப் இரண்டு மணி நேரம் கழித்துப் போகாது. 7.5 ட்யூபோடு 6.5, 6 அளவு இரண்டையும் ஸ்டைலெட் (ட்யூபை விறைப்பாக வைக்கும் கம்பி) போட்டுக் கையில் வைத்திருங்கள். கழுத்தில் துளையிடும் செட் திறந்த நிலையில் இருக்கட்டும். குழந்தைகளுக்கான ஜம்ப்ஸ்டார்ட் முறை வேறு: மூச்சு நிமிடத்துக்கு 15-க்குக் கீழோ 45-க்கு மேலோ இருந்தால் சிவப்பு. மூச்சில்லாமல் நாடி இருந்தால் ஐந்து முறை ஊதிப் பார்த்த பிறகே கறுப்பு.

மறுபக்கம், வெறும் பயத்தில் மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் போகிறவரும் சிவப்பில் சேருவார். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்து நிறத்தை மாற்றுங்கள். ஒருமுறை கட்டிய பட்டை அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை.

விழி_பிரிவு

கண்ணுக்கு அம்மோனியா அமிலத்தைவிட மோசமான எதிரி, உள்ளே ஊடுருவிக்கொண்டே போகும். நார்மல் சலைன் பாட்டிலை ஐ.வி. செட்டோடு தொங்கவிட்டு, ஊசி இல்லாத கேனுலா வழியாக ஒவ்வொரு கண்ணுக்கும் 1 முதல் 2 லிட்டர் விடுங்கள். சலைன் தீர்ந்தால் குழாய்த் தண்ணீரே போதும், சலைனைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ப்ரோபராகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து இரண்டு சொட்டு விட்டால் கண்ணைத் திறந்து காட்டுவார். இமையை மேலும் கீழும் புரட்டிப் பாருங்கள், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுங்கள். நிறுத்தி ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து கண்ணீரின் pH (அமில-காரத் தன்மை) பார்க்க வேண்டும், 7-க்கும் 7.4-க்கும் இடையில் இருந்தால் சரி. லிட்மஸ் இல்லையென்றால் சிறுநீர்ப் பரிசோதனை ஸ்ட்ரிப்பில் உள்ள pH கட்டத்தை வெட்டி இமைக்கு உட்புறம் தொட்டுப் பாருங்கள்.

கடலோர_செவிலி

மிக உதவியான விவரங்கள், நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. குடிநீர் நிலையத்தில் குளோரின் டன்னரும் (ஏறத்தாழ ஒரு டன் பிடிக்கும் பெரிய சிலிண்டர்) உள்ளது. அதற்கும் இதே முறையா? ஆக்சிஜன் எத்தனை சிலிண்டர் வைக்க வேண்டும்?

அவசரப்பிரிவு_மருத்துவர்

முறை பெரும்பாலும் ஒன்றுதான், கவனிக்கும் காலம்தான் வேறு. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும். பாதிப்பு கீழ் மூச்சுக்குழாய்வரை போகும், நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் தாமதமாகவும் வரலாம். இருமலும் நெஞ்சிறுக்கமும் உள்ளவரை 24 மணி நேரம் வைத்திருங்கள், நடக்கவும் படியேறவும் விடாதீர்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் நெபுலைஸ் செய்யலாம். நீர் கோத்தால், நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் ஊசி மேல் நம்பிக்கை வைக்காதீர்கள். அது இதயக் கோளாறால் வந்த நீர் இல்லை, அழுத்தத்தோடு மூச்சு கொடுப்பதுதான் உதவும்.

ஆக்சிஜன்: பத்துப் பேருக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் 60 லிட்டர். டி டைப் ஜம்போ சிலிண்டரில் 7,000 லிட்டர், இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஆம்புலன்சில் வரும் பி டைப்பில் 1,500 லிட்டர்தான், நிமிடத்துக்குப் பத்து லிட்டரில் ஓடினால் 150 நிமிடம். ஆறு ஜம்போ இருந்தால் இரவைக் கடக்கலாம். ரெகுலேட்டரும் ஃப்ளோமீட்டரும் சிலிண்டருக்கு ஒன்று வீதம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சிலிண்டர் நிறைய, ரெகுலேட்டர் இரண்டு என்ற நிலைதான் ஆளைக் கவிழ்க்கும்.

தீ_மீட்பு_நிலையம்

டன்னர் கசிவில் சிலிண்டரைத் தொடுவது மருத்துவமனை வேலை இல்லை. ஆனாலும் தெரிந்திருக்கட்டும்: நிலைய ஊழியர்கள் ஓட்டை மேல்பக்கம் வருமாறு உருட்டுவார்கள். அப்போது திரவம் வராது, வாயு மட்டும் வரும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 460 லிட்டர் வாயு ஆகும் என்பதால் அந்த உருட்டல் பெரிய வித்தியாசம். கசிவில் தண்ணீர் அடித்தால் அமிலமாகி ஓட்டை பெரிதாகும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் உள்ளது, அங்கிருந்து வந்து சேரும்வரை இடைவெளியை உள்ளூர்தான் நிரப்ப வேண்டும்.

இன்னொன்று. பெரிய ஆலைகளுக்கு அபாயகரமான இரசாயனங்கள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட அளவில் வெளிப்புற அவசரத் திட்டம் உண்டு. ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் அளவு வரம்புக்குக் கீழே இருந்தால் அது அந்தப் பட்டியலில் வராது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் கேட்டு, ஒவ்வொரு ஐஸ் ஃபேக்டரியின் அம்மோனியா அளவையும் இரவில் இருக்கும் ஆப்பரேட்டரின் எண்ணையும் வாங்கி வையுங்கள்.

துணை_கண்காணிப்பு_செவிலி

புடவை, தாலி பற்றி யாரும் சொல்லவில்லை. மறைப்பு இல்லாமல் யாரும் உடுப்பைக் களைய மாட்டார்கள், அதற்காக வாக்குவாதம் செய்வதில் நேரம்தான் போகும். தார்ப்பாய் கட்ட இரண்டு கம்பிக் கொக்கி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசை, நைட்டி 30, லுங்கி 30, துண்டு 60. நைட்டியை முதலில் கையில் கொடுங்கள், தலைவழி மாட்டிக்கொண்டு உள்ளே புடவையை அவிழ்ப்பார்கள். தங்கச் சங்கிலியைத் தண்ணீரில் கழுவினால் போதும். மஞ்சள் கயிறு திரவத்தை உறிஞ்சும். திரவம் பட்டிருந்தால் கழுத்தில் கயிறு இருக்குமிடம்தான் கடைசிவரை எரியும். அவிழ்க்கச் சம்மதம் கேட்டு, தாலியை அவர் கண் முன்னே சிறு பையில் போட்டு எண் எழுதுங்கள்.

பைகளுக்கு இரண்டு அடுக்கு போடுங்கள். உடுப்புப் பையில் உள்ள எண்ணும் கைப்பட்டையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் கேட்டு எழுத நேரம் இருக்காது, 1 முதல் 50 வரை எண் எழுதிய ஜோடிப் பட்டைகளை முன்பே வெட்டி, கழுவும் ஹோஸ் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். எழுத பெர்மனன்ட் மார்க்கர்தான் வேண்டும், பால்பாயின்ட் ஈரத்தில் எழுதாது.