மவுஸ்ஸாக்கலை கரை பார்பிகியூ கடை: மிலாறா, கரியா?

கண்டிவாசி: நேத்து இங்க ஒருத்தர் போட்டிருந்தார், மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக் கரையில ஒரு பார்பிகியூ கடை, மீனும் கோழியும் தேயிலை மிலாறு விறகுல சுடுறாங்க, எவ்வளவு தூரம்னாலும் போகலாம்னு. நம்பி கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, ஹட்டன்னு வளைஞ்சு வளைஞ்சு போனோம், புள்ளைக்கு ரெண்டு தரம் வாந்தி. போய்ப் பார்த்தா அடுப்புல சிரட்டைக் கரி. மிலாறு எங்க?

மஸ்கெலியாக்காரன்: போட்டது நான்தான். பீப்பாயை நெடுக்க வெட்டி அடுப்பாக்கியிருக்காங்களே, அதுக்குப் பின்னால போனீங்களா? இடுப்பு உசரம் மிலாறு அடுக்கி சாக்கு போட்டு மூடியிருக்கும். அதை எரிய விட்டு தணலானதும்தான் மீன் வைப்பாங்க. தணலுக்கும் கரிக்கும் வித்தியாசம் தெரியாதவர் எதுக்கு அவ்வளவு தூரம் வந்தீங்க?

டிக்கோயா அக்கா: தம்பி, மிலாறுங்கிறது தேயிலைச் செடியோட கிளையை கவ்வாத்துல வெட்டுன குச்சி. சடசடன்னு எரிஞ்சு சாம்பலாயிரும், தணல் நிக்காது. மிலாறு கட்டு தலையில சுமந்து லயத்து அடுப்பு எரிச்சவ சொல்றேன். தணல் நிக்கணும்னா பிடுங்கின தேயிலை அடிக்கட்டை வேணும், இல்லாட்டி சவுக்கு.

மஸ்கெலியாக்காரன்: அடிக்கட்டையும் தேயிலைதானே அக்கா. நாங்க எல்லாத்தையும் மிலாறுன்னுதான் சொல்லுவோம்.

டிக்கோயா அக்கா: யாரு நாங்க? மலையில ஏறினவங்க யாரும் அப்படி சொல்ல மாட்டாங்க.

கொட்டகலை தம்பி: நேரா தணல்ல வாட்டுறது கிரில். மூடி வச்சு புகையில மெதுவா வேக வைக்கிறதுதான் பார்பிகியூ. முதல்ல அதைப் பேசுங்க.

கண்டிவாசி: பேரு எதுவா இருந்தா என்ன. மிலாறு எங்க?

நுவரெலியா ராஜா: இதுக்கா இவ்வளவு தூரம்? கிரகரி வாவிக்கு வாங்க, கரையிலேயே எல்லாம் சாப்பிடலாம்.

மஸ்கெலியாக்காரன்: வந்துட்டாருய்யா. உங்க வாவி 1873ல வெள்ளைக்காரன் பொழுதுபோக்க கட்டுனது, எங்க தண்ணியில நாட்டுக்கே கரண்ட் போகுது, அதுக்காக 1969ல பழைய மஸ்கெலியா டவுனே மூழ்கிப்போச்சு, எங்க தாத்தா கடையும் அதுக்குள்ளதான், வறட்சியில தண்ணி இறங்குனா பழைய கோயில் வெளிய தெரியும், அந்தத் தண்ணியைப் பார்த்துக்கிட்டு கவுத்துப் போட்ட வள்ளத்து மேல வாழை இலை விரிச்சு, கீறி மஞ்சளும் மிளகும் தேசிக்காயும் தடவின திலாப்பியாவை தோல் கருகி உரியுற பதத்துல கட்டசம்பலோட வைப்பாங்க பாருங்க, அதை ஒரு வாய் சாப்பிட்டவன் கரின்னு சொல்ல மாட்டான்.

நுவரெலியா ராஜா: கரண்டுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? போன மாசம் பாதை மூடியிருக்குன்னு நான் சொன்னப்பவும் இப்படித்தான் அடம்புடிச்சீங்க.

மஸ்கெலியாக்காரன்: பாதை திறந்துதான் இருந்துச்சு. நான் அன்னைக்கே போனேன்.

டிக்கோயா அக்கா: பாதையை விடுங்க. தோட்டத்துல நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆனதே 2021லதான். நாங்க சும்மா பொறுக்குன விறகோட பேரைச் சொல்லி காசு வாங்குறாங்க, அதுவும் பொய் பேரு. மிலாறுல தணல் நிக்காது.

மஸ்கெலியாக்காரன்: நிக்கும். குச்சி விரல் மொத்தம் இருந்தாப் போதும்.

டிக்கோயா அக்கா: விரல் மொத்தமா? தேத்தண்ணி கொதிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். ஞாயித்துக்கிழமை நானே வந்து சாக்கைத் தூக்கிப் பார்க்கிறேன்.

மஸ்கெலியாக்காரன்: தாராளமா வாங்க. மழைன்னா உள்ள எடுத்து வச்சிருப்பாங்க, பின்னால ஒண்ணுமில்லைன்னு வந்து எழுதாதீங்க.

கண்டிவாசி: நான் போன அன்னைக்கு நல்ல வெயில்.